இளையோர் இசைக்குழுவில் ஓர் ஏட்டையா

போன வருடம் கோடை விடுமுறை முடியப் போகிற சமயம், எங்கள் மகள் வயலின் வாசிக்கும் இளையோர் இசைக்குழுவில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். தென்காசியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில்தான் அவர்களுடைய பயிற்சி. வாரம் முழுக்கக் கணக்கும் இயற்பியலும் நடக்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயலின், செல்லோ, புல்லாங்குழல், கிளாரினெட் என்று இருபத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். வயது பன்னிரண்டு முதல் இருபத்தொன்று வரை. அதற்கு மேல் கிடையாது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

குழுவை நடத்துகிறவளுக்கே இருபத்தாறு வயதுதான். சென்னையில் மேல்நாட்டு இசை படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். "அங்கன இருந்தா நான் நூறு பேர்ல ஒருத்தி. இங்கன நான் மட்டுந்தான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். நல்ல கணக்கு. ஆனால் ஊருக்கு அவளை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. 'கண்டக்டர்' என்றுதான் அவளே அறிமுகம் செய்துகொண்டாள். நாங்கள் குடியிருக்கும் போலீஸ் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு ஸ்டேஷன் ரைட்டர் அதைக் கேட்டுவிட்டு, "பொம்பளப் பிள்ளைக கண்டக்டரா வாறது நல்ல விஷயந்தான். எந்த ரூட்டு?" என்றார்.

அன்றைய கூட்டத்தில் அவள் வெள்ளைப் பலகையில் அந்த வருடத்துத் திட்டத்தை எழுதினாள். ஆடியில் குற்றாலத்தில் ஒரு சாரல் கச்சேரி. புரட்டாசியில் வடகரையில் ஒரு பள்ளிக்கூடத்தில். கார்த்திகையில் பண்பொழி மலையடிவாரத்தில். தை பிறந்ததும் தென்காசியில் பெரிய நிகழ்ச்சி. நான்குக்கும் அவள் 'ப்ராஜெக்ட்' என்று பெயர் வைத்திருந்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு தகப்பனார் எழுந்து, "இதுக்கு மார்க் உண்டா, மேடம்?" என்று கேட்டார். அவர் மனைவி மெதுவாக, "தெர்மோகோல் வாங்கித் தரணுமான்னும் கேளுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவள் ஒரு சங்கடத்தைச் சொன்னாள். ட்ரோம்போன் வாசித்துக்கொண்டிருந்த பையனுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இப்போது குழுவில் கீழ்க்குரலில் ஊதும் பித்தளை வாத்தியம் ஒன்றுகூட இல்லை. மேலே எல்லாம் இருக்கிறது, கீழே தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை என்றாள்.

என் கணவர் கையைத் தூக்கினார்.

அவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆயுதப்படையில் ஏட்டு. பேண்டில் இருபத்து நான்கு வருடங்களாக யூஃபோனியம் வாசிக்கிறார். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்வதுபோல அணைத்துப் பிடித்து ஊத வேண்டிய பெரிய பித்தளை வாத்தியம் அது. நாற்பத்தெட்டு வயது. அவர் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். ரகசியம் சொன்னால் இரண்டு வீட்டுக்கு.

"நான் வாசிக்கேன், மேடம்" என்றார்.

கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகளின் வரிசையில் எங்கள் மகள் மட்டும் தரையைப் பார்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது. அந்த வயதில் அப்பா என்பவர் பேருந்து நிறுத்தத்தோடு நின்றுவிட வேண்டியவர்.

"சார், இது யூத் ஆர்கெஸ்ட்ரா" என்றாள் அந்தப் பெண், மரியாதையாக.

"அதனால என்ன, மேடம். நான் கடைசி வரிசையில இருந்துக்கிடுதேன்."

கடைசி வரிசையில் உட்கார்ந்தால் வயது தெரியாது என்பது அவருடைய எண்ணம். அவள் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பலகையில் இருந்த நான்கு ப்ராஜெக்டுகளைப் பார்த்தாள். கடைசியில், "சரி சார். விருந்தினர் கலைஞர்னு போட்டுக்கலாம்" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸில் நாற்பது குடும்பங்களுக்கும் தெரிந்துவிட்டது, எங்கள் வீட்டில் ஒரு விருந்தினர் கலைஞர் இருக்கிறார் என்று. எனக்குத்தான் வீட்டில் யார் விருந்தாளி, யார் சமைக்கிற ஆள் என்பதில் குழப்பமே இருந்ததில்லை.

துறையின் வாத்தியத்தை வெளியே கொண்டுவர முடியாது. அதனால் அந்தக் கண்டக்டர் பெண் ஒரு தேவாலயத்து பேண்டில் சும்மா கிடந்த யூஃபோனியத்தை இரவல் வாங்கி வந்தாள். அது எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவர் அதைத் துப்பாக்கியைக் கழற்றுவதுபோலக் கழற்றி, பழைய பனியனில் வரிசையாகப் பரப்பி வைத்துத் துடைத்தார். உள்ளேயிருந்து இரண்டு பல்லி முட்டை ஓடுகள் விழுந்தன. மாட்டிப் பூட்டி முதல் ஊது ஊதினார். சமையலறையில் தட்டுகள் அதிர்ந்தன. பக்கத்து வீட்டு ரைட்டர் சட்டை போடாமல் வெளியே வந்து, "ஏட்டையா, எங்கயாச்சும் லாரி கவுந்துட்டா?" என்றார்.

மகள் மூன்று நிபந்தனைகள் போட்டாள். பயிற்சியில் அவளை 'ஏட்டி' என்று கூப்பிடக் கூடாது. மற்றப் பிள்ளைகளிடம் நிமிர்ந்து உட்காரச் சொல்லக் கூடாது. முடிந்தவரை அவளைத் தெரியாததுபோல இருக்க வேண்டும். "நானும் உங்கள சார்னுதான் கூப்பிடுவேன்" என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு என்பதை நான் சொல்லவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஞாயிறு விடுமுறை. மற்ற நாள்களில் ரத்தம் எடுப்பது என் வேலை. சங்கீதம் தெரியாதவளானாலும், பயந்தவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு என் கணவர் முகம் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டு வயதுப் புல்லாங்குழல் சிறுமிக்குப் பின்னால் முதுகை விறைத்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் குச்சியைத் தூக்கியதும் இவர் குதிகால் இரண்டும் தாமாகச் சேர்ந்துகொண்டன.

வாசிக்கத் தொடங்கினார்கள். தாளைப் பார்த்து வாசிப்பது அவருக்குப் பிள்ளைகளைவிட நன்றாக வரும் என்பது சீக்கிரமே தெரிந்தது. பிரச்சினை வேறு இடத்தில் வந்தது.

"சார், இந்த இடத்துல கொஞ்சம் மெதுவா" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மெதுவாக வாசித்தார். ஆமை வேகம். காக்கிச் சட்டை இல்லாவிட்டாலும் போலீஸ்காரர் போலீஸ்காரர்தானே, அவர் மெதுவாகப் போனால் தாங்களும் மெதுவாகப் போவதுதான் முறை என்று செல்லோக்காரர்கள் நினைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வயலின்கள். மொத்தக் குழுவும் சுவாமி ஊர்வலம்போல இழுபட்டது.

அவள் குச்சியைத் தட்டி நிறுத்தினாள். "சார், ஏன் வேகத்தக் குறைச்சீங்க?"

"மெதுவான்னு நீங்கதான சொன்னீங்க, மேடம்? பையத்தான் வாசிச்சேன்."

"நான் சத்தத்தச் சொன்னேன், சார்."

"சத்தத்தயா?"

அந்தக் கேள்வியில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. இருபத்து நான்கு வருடத்தில் அவரிடம் யாரும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதில்லை. அணிவகுப்பு மைதானத்தில் சத்தம் குறைந்தால் அது தவறு. மேலதிகாரி திரும்பிப் பார்ப்பார். அவர் ஊதுவது மைதானத்தின் அந்தக் கோடி வரை போக வேண்டும், வெயிலில், காற்றில். இங்கே பத்தடி தூரத்தில் சுவர்.

"எவ்வளவு கம்மியா வேணும், மேடம்?"

அவள் யோசித்தாள். "பக்கத்து வீட்டுல ஒரு குழந்தை தூங்குதுன்னு வச்சுக்கோங்க."

"எங்க பக்கத்து வீட்டுல ரைட்டர்தான் தூங்குவாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். முன்னால் இரண்டாம் வயலினில் உட்கார்ந்திருந்த என் மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு அவரைத் தெரியாதல்லவா?

ஆனால் அவருக்கும் ஒரு நல்ல நாள் வந்தது. பிள்ளைகளுக்கு அவசரம் அதிகம். சுலபமான இடம் வந்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள்போல ஓடுவார்கள். இவர் ஓட மாட்டார். நடைக்கு ஊதிப் பழகியவர். எத்தனை பேர் முந்தினாலும் தன் காலடியை மாற்றாமல் கீழே தட்டிக்கொண்டே இருப்பார். மூன்றாவது வாரம் அந்தப் பெண், "எல்லாரும் சார் வாசிக்கதக் கேளுங்க. அவர் எங்க இருக்காரோ அங்கதான் தாளம் இருக்கு" என்றாள். அந்த வாக்கியத்தை அவர் மூன்று நாள் வீட்டில் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். புதன்கிழமை அதை இட்லி மாவு வாங்கப் போன இடத்திலும் சொல்லியிருக்கிறார் என்று கடைக்கார அண்ணாச்சி வழியாக எனக்குத் தெரிந்தது.

சத்தம் மட்டும் குறையவில்லை. சாயங்காலங்களில் மகளும் அவரும் உணவு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வாசிப்பார்கள். வீட்டுக்குள் நிபந்தனைகள் செல்லாது.

"அப்பா, இது பரேடு கிரவுண்டு இல்ல."

"இதவிடக் குறைச்சா காத்துதான் வரும், ஏட்டி."

"காத்து மாதிரிதான் வரணும்."

அவர் வாத்தியத்தின் வாய்க்குள் துண்டைத் திணித்துப் பார்த்தார். என் பழைய சேலையைத் திணித்துப் பார்த்தார். சத்தம் அடங்கியது, ஆனால் சளி பிடித்த யானைபோல இருந்தது. மகள் சேலையை உருவி என்னிடம் கொடுத்தாள். எனக்கு மூன்றாவது வாரத்துக்கு மேல் அந்த மெட்டு மனப்பாடமாகி, ரத்தம் எடுக்கும்போது முனக ஆரம்பித்துவிட்டேன். ஊசி குத்தப் போகிற நேரத்தில் பாட்டுப் பாடும் பெண்ணை நோயாளிகள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பேசியிருந்தார்கள். லாட்ஜ்களில் நோட்டீஸ் ஒட்டியதிலிருந்து அந்தப் பெண்ணுக்குப் போன் வர ஆரம்பித்தது. நோட்டீஸில் ஆர்கெஸ்ட்ரா என்று இருந்ததால், பாடுவது யார், டான்ஸ் உண்டா, பழைய பாட்டா புதுப் பாட்டா என்று கேட்டார்கள். "யாரும் பாட மாட்டாங்க" என்று அவள் சொன்னதும், "அப்ப எதுக்கு மைக்செட்டு?" என்று ஒருவர் கேட்டாராம். மைக்செட்டும் இல்லை என்று சொன்னதும் அவருக்குப் பேசப் பிடிக்கவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை என் கணவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "ஞாயித்துக்கெழம எனக்கு அருவியில பந்தோபஸ்து."

சீசன் நேரத்தில் பேண்டுக்காரர், டிரைவர் என்ற வித்தியாசம் கிடையாது. எல்லோருக்கும் அருவி டூட்டி வரும், லீவும் கிடைக்காது. ஆனால் மதியம் இரண்டு மணியோடு முடிந்துவிடும் என்றார். மண்டபம் அருவியிலிருந்து நடக்கிற தூரம்தான். நான், "பிறகென்ன?" என்றேன். அவர், "பிறகு ஒண்ணுமில்ல" என்றார். இரண்டு பேரும் மேற்கே மலையைப் பார்த்தோம். அது முழுக்க மேகத்துக்குள் இருந்தது.

ஞாயிறு மதியம் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். யூஃபோனியம் பெட்டி என் மடியில். சாரல் நிற்கவே இல்லை. ஈரத்தில் வயலின்களின் முறுக்காணிகள் எல்லாம் ஊறி இறுகிவிட்டன. செல்லோ வாசிக்கும் பெண்ணின் ஆணி அசையவே இல்லை. இரண்டு தகப்பனார்கள் பிடித்து, ஒருவர் வாத்தியத்தை, ஒருவர் ஆணியை, ஒரு வழியாகத் திருப்பினார்கள். இருநூறு நாற்காலி போட்டிருந்தது. நாலு மணிக்கு எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு பேர், எல்லோரும் பெற்றோர். கூட்டம் அதிகமாகத் தெரியட்டும் என்று ஒருவருக்கும் ஒருவருக்கும் இடையில் இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தோம்.

என் கணவர் வரவில்லை. மதியம் ஒன்றரைக்கு அருவியில் தண்ணீர் கூடி, குளிக்கும் இடத்துப் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழத் தொடங்கிவிட்டதாம். குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். மாற்று ஆள் வரும்வரை யாரும் நகர முடியாது. மகள் மேடைக்குப் பின்னாலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை. மூன்றாவது முறை எட்டிப் பார்த்தபோது நான் பெட்டியை இரண்டு நாற்காலி தள்ளி இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் குடையை விரித்தேன்.

அருவிக்கரையில் அவ்வளவு கூட்டம். எல்லோரும் தலையிலும் உடம்பிலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டோடு, தண்ணீர் குறையுமா என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். மசாஜ் செய்கிறவர்கள் இன்னும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அருவி மண் நிறத்தில் இரைந்தது. என் கணவர் மழைக்கோட்டோடு ஒரு மேடான இடத்தில் கையில் மைக்கை வைத்துக்கொண்டு, "பொதுமக்கள் கலைந்து செல்லவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கலையவில்லை. பக்கத்தில் அவருடைய சப்-இன்ஸ்பெக்டர், சின்ன வயதுப் பெண். அவருக்கு அப்போது வாழ்க்கையில் இரண்டு மேடம்கள்.

என்னைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்தார். "மணி என்ன?"

"நாலரை ஆகப் போகுது."

"பாப்பா என்ன சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்லல. மூணு தடவ எட்டிப் பாத்தா."

அவர் விசிலைத் துடைத்தார். சப்-இன்ஸ்பெக்டர் எங்களைக் கவனித்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். என் கணவர் சொல்லத் தயங்கியதால் நான் சொன்னேன். கச்சேரி, மண்டபம், விருந்தினர் கலைஞர், எல்லாம்.

"கூட்டம் நிக்கும்போது உங்கள எப்படி விட, ஏட்டையா?" என்றார் அவர். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "சும்மா போங்க போங்கன்னா இவங்க போக மாட்டாங்க. போறதுக்கு ஒரு இடமும் இல்ல, மழ வேற. ஆமா, அந்த மண்டபத்துல எத்தன பேரு உக்காரலாம்?"

"இருநூறு நாற்காலி. நின்னா இன்னும் இருநூறு" என்றேன். "இப்ப முப்பத்தேழு பேரு."

"அப்ப அதச் சொல்லுங்க மைக்கில."

என் கணவர் மேட்டில் ஏறினார். அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை; மைக்கும் இருந்தது. "பொதுமக்களின் கவனத்திற்கு! அருவியில் வெள்ளப்பெருக்கு காரணமாகக் குளிக்க அனுமதி இல்லை. பொதுமக்கள் அனைவரும் எதிர்த் தெருவில் உள்ள மண்டபத்தில் நடைபெறும் கச்சேரிக்குச் செல்லவும். அனுமதி இலவசம். வரிசையாகச் செல்லவும்!"

மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது கூட்டம் அசைய ஆரம்பித்தது. எனக்குப் பக்கத்தில் எண்ணெய் வழிய நின்ற ஒருவர் தன் மனைவியிடம், "கட்டாயம் போகணுமாட்டி?" என்று கேட்டார். "போலீஸ்ல சொல்லுதாவ, வாங்க" என்றார் அந்த அம்மாள். உண்மையாகவே வரிசையாகப் போனார்கள்.

நான் முன்னால் ஓடி மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. எனக்குப் பின்னால் அவர்கள் வந்தார்கள். எண்ணெய்த் தலைகள், ஈரத் துண்டுகள், ப்ளாஸ்டிக் வாளி, சோப்பு டப்பா. ஒரு கல்லூரிப் பையன் என்னிடம், "அக்கா, குளிக்கதுக்கு டோக்கன் இங்கனதான் குடுக்காங்களா?" என்றான். அரைவாசி தேய்த்து முடித்த ஆள் ஒருவர் வந்துவிட்டதால், தேய்த்துக்கொண்டிருந்தவரும் எண்ணெய்ப் பாட்டிலோடு அவர் பின்னாலேயே வந்து உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் நிற்க இடமில்லை. மேடையில் அந்தப் பெண் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். கையிலிருந்த குச்சியை இரண்டு தரம் மாற்றிப் பிடித்தாள். பிறகு தொடங்கிவிட்டாள், நேரம் தவறுவது அவளுக்குப் பிடிக்காது.

முதல் உருப்படியை என் கணவர் இல்லாமலேயே வாசித்தார்கள். எனக்கே தெரிந்தது, கீழே ஏதோ காலியாக இருந்தது. பிள்ளைகள் ஓடினார்கள். அவள் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று தெரியாமல் ஒரு வழியாக எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கூட்டம் கை தட்டியது. முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டினார்கள்.

அப்போது பின்வாசலில் என் கணவர் வந்து நின்றார். காக்கி உடுப்பு, மழைக்கோட்டு, தொப்பி, நெஞ்சில் விசில். பின்வரிசைக்காரர்கள் சட்டென்று எழுந்தார்கள். "எந்திரிங்க, எந்திரிங்க, போலீஸ் வந்துட்டு. இங்கனயும் தடை போலுக்கு" என்று ஒருவர் வாளியை எடுத்தார். வரிசை வரிசையாக எழும்பத் தொடங்கினார்கள்.

"உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் குழந்தைகள்கூட உட்கார்ந்தன. பிறகு குரலைத் தணித்து, அதாவது அவரால் முடிந்த அளவுக்குத் தணித்து, "நானும் வாசிக்கத்தான் வந்திருக்கேன்" என்றார்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் பெட்டியைத் திறந்து வாத்தியத்தைக் கொடுத்தேன். அவர் மேடையேறி, செல்லோக்களுக்குப் பின்னால் தன் நாற்காலியில் உட்கார்ந்து, தாளைப் பிரித்து, வாத்தியத்தைத் தூக்கினார். அந்தப் பெண் குச்சியைத் தூக்கினாள். எல்லாம் அமைதியான அந்த நொடியில் இரண்டாம் வயலின் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்பா, தொப்பி."

அவர் தொப்பியைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தார். என் மகள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புல்லாங்குழல் சிறுமி மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டதுபோலத் தலையாட்டினாள்.

இரண்டாவது உருப்படி அந்தப் பெண்ணே எழுதியது. மூன்று பகுதி. முதல் பகுதியில் என் கணவர் ஓர் இடத்தில் அவசரப்பட்டு முன்னாலேயே நுழைந்தார், அதுவும் மைதானச் சத்தத்தோடு. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை அலறியது. அதன் தாய் அவரை முறைத்தாள். அவர் கழுத்து சிவந்தது எனக்கு எங்கள் வரிசையிலிருந்தே தெரிந்தது.

நடுப்பகுதியில் வயலின்கள் எல்லாம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, கீழே அவர் தனியாக ஒரு சின்ன வரி வாசிக்க வேண்டும். உணவு மேசையில் ஒரு நாளும் சரியாக வராத வரி அது. நான் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். மழையில் நின்று அவர் விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன. அவர் மூச்சை இழுத்தார்.

சத்தம் வந்ததே எனக்கு முதலில் தெரியவில்லை. வெளியே மழை பெய்வதும், வயலின்களும், அவற்றுக்குக் கீழே அது எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது. காலையில் நான் இன்னும் எழாமல் இருக்கும்போது, எழுப்பிவிடக் கூடாது என்று ஒருவர் அடுத்த அறையில் நடப்பதுபோல. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். கூப்பிட்டால், சிரித்தால், தும்மினால், கதவைச் சாத்தினால், எல்லாவற்றிலும் அவர் சத்தத்தைத்தான் எனக்குத் தெரியும். இது யாருடையது என்று ஒரு கணம் யோசித்தேன். கண் கலங்கியது. பக்கத்தில் இருந்த எண்ணெய்க்காரர் நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "எண்ணெ கண்ணுல பட்டுட்டா, அம்மா?" என்று தன் துண்டை நீட்டினார். நான் வாங்கித் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் நிஜமாகவே எண்ணெய் பட்டது.

மூன்றாவது பகுதி வேகமானது. பிள்ளைகள் வழக்கம்போல ஓடத் தொடங்கினார்கள். கீழே இருந்தவர் ஓடவில்லை. நாலு அடி போவதற்குள் அவர்கள் திரும்பி வந்து அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

மழை விடாததால் யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் நல்ல கைதட்டல். பின்னால் ஒருவர் விசிலடித்தார். உடனே என் கணவர் டூட்டி பழக்கத்தில் அந்தத் திசையை முறைத்தார். "அடுத்து சாமிப் பாட்டா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அடுத்து வடகரை என்று அந்தப் பெண் சொன்னாள். "வடகரையா? அது எங்க ஊருதான், வந்திருதேன்" என்றார் அவர்.

கூட்டம் போன பிறகு பார்த்தால் நாற்காலி எல்லாம் எண்ணெய். மண்டபத்துக்காரர் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். நாங்கள் முப்பத்தேழு பேரும் பழைய செய்தித்தாளை வைத்து எல்லாவற்றையும் துடைத்தோம். துடைக்கும்போது அந்தப் பெண் என் கணவரிடம் வந்தாள்.

"சார், முதல் பகுதில முன்னாலயே உள்ள வந்துட்டீங்க."

"தெரியும், மேடம்."

"நடுப்பகுதி..." என்று தொடங்கி, கையிலிருந்த செய்தித்தாளை மடித்தாள். பிறகு, "நடுப்பகுதி அப்படியே இருக்கட்டும், சார்" என்றாள்.

அவர் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றார். சல்யூட் அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, கையில் செய்தித்தாள் இருந்தது.

பிள்ளைகளை வேனில் அனுப்பிவிட்டு நாங்கள் மூன்று பேரும் தென்காசி வரும் வழியில் புரோட்டா கடையில் ஏறினோம். உட்கார்ந்ததுமே மகள் ஆரம்பித்தாள்.

"அப்பா, மூணாவது பகுதில நீங்கதான் இழுத்தீங்க."

"நான் இழுத்தேனா? நீங்க எல்லாம் செங்கோட்டை தாண்டிப் போயிட்டீங்க. நான் போயி கூட்டிட்டு வந்தேன்."

"இல்லப்பா. கேளுங்க." அவள் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே பாடிக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தன் பகுதியை வாயால் ஊதிக் காட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சப்ளையர் இலையைப் போட்டுவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டு நின்றார். இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை. ஆளுக்கு மூன்று புரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும் என்று நானே சொன்னேன்.